கலரில் ஓர் எழுத்து அதிகம்

ஐயா, வணக்கம்.

மூன்று வருடமாக உங்களை வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஒரு கிராமம். வயது 36. பி.எஸ்ஸி. கணிதம் முடித்த கையோடு கல்யாணம். பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும், ஒரு கல்லூரி இணையவழியில் நடத்தும் வலைப்பக்கம் உருவாக்கும் அறிமுக வகுப்பில் சேர்ந்தேன். 12 வாரம். இப்போது ஐந்தாவது வாரம். பக்கத்தில் என்னென்ன இருக்கும் என்று எழுதுகிற எச்டிஎம்எல் வரை நன்றாகப் போயிற்று. அதற்கு நிறமும் அமைப்பும் கொடுக்கிற சிஎஸ்எஸ் வந்ததும் குழம்பிவிட்டேன். நிறத்தை மாற்றினால் மாற மாட்டேன் என்கிறது. பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டிய இரண்டு பெட்டிகளில் ஒன்று கீழே விழுகிறது. தமிழில் தலைப்பு வைத்தால் பூச்சி பூச்சியாக ஏதோ தெரிகிறது. ஆசிரியரின் ஆங்கிலம் பாதிதான் புரிகிறது. கூடப் படிப்பவர்கள் 20 வயதுப் பிள்ளைகள், சந்தேகம் கேட்கக் கூச்சம். "இதை வைத்து என்னம்மா செய்யப்போறே?" என்று மாமனார் கேட்கிறார். கோபத்தில் இல்லை, நிஜமாகவே தெரியாமல். எனக்கும் பதில் தெரியவில்லை. அடுத்த வாரம் சொந்தமாக ஒரு பக்கம் செய்து அனுப்ப வேண்டும். எதைப் பற்றிச் செய்வது? அல்லது நிறுத்திவிடலாமா? நீங்களும் இப்படி ஒரு வகுப்பில் படித்ததாக எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன். பெயர் போட வேண்டாம்.

ர.

அன்புள்ள ர.,

நிறுத்த வேண்டாம். நான் சேர்ந்தபோது எனக்கு 58 வயது. இந்தத் தளத்தை அமைத்துக் கொடுத்த தம்பி வேலை கிடைத்து வெளிநாடு போய்விட்டார், ஒரு தலைப்பைத் திருத்தக்கூட எனக்கு வழி தெரியவில்லை. அந்த அவமானத்தில் சேர்ந்தேன். சிஎஸ்எஸ் வந்த வாரத்தில் நானும் நிறுத்தத்தான் பார்த்தேன்.

நிறம் மாறவில்லை என்கிறீர்களே, முதலில் எழுத்துக்கூட்டலைப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லிக்கொடுத்த ஆங்கிலக் 'கலரில்' ஒரு 'யு' உண்டு. சிஎஸ்எஸ்ஸின் கலரில் அது கிடையாது, அது அமெரிக்கக் கூட்டல். 'சென்டர்' என்ற சொல்லிலும் கடைசி இரண்டு எழுத்துகள் நாம் படித்ததற்குத் தலைகீழ். வலையைக் கண்டுபிடித்த டிம் பெர்னர்ஸ்-லீ லண்டனில் பிறந்தவர். 1994-இல் சிஎஸ்எஸ் யோசனையை முன்வைத்த ஹோகன் வியும் லீ நார்வேக்காரர். இருந்தும் அமெரிக்கக் கூட்டல்தான் நிலைத்தது. இந்த 'யு'வைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு ராத்திரி ஆனது. ஏனென்றால் சிஎஸ்எஸ் திட்டாது. புரியாத வரியைச் சத்தமில்லாமல் தாண்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். நாளைக்கு வரப்போகும் புது வசதியைப் பார்த்து இன்றைய உலாவி (பிரௌசர்) மிரண்டு நின்றுவிடக் கூடாது என்று வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கற்றுக்கொள்பவருக்கு, திட்டுகிற வாத்தியாரைவிடப் பேசாமல் போகிற வாத்தியார்தான் கஷ்டம்.

கூட்டல் சரியாக இருந்தும் மாறவில்லையா? அப்புறம் பாய்ச்சலைப் பார்க்க வேண்டும். (ஆற்றை இழுக்காமல் நம்மால் எதையும் பேச முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.) கல்லணையில் வெண்ணாறு பிரிகிறது. நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் அந்த வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமினியாறும் பிரிகின்றன. அப்புறம் வாய்க்கால், கன்னி வாய்க்கால், வயல். உங்கள் பக்கமும் அப்படித்தான் கிளை கிளையாக இருக்கிறது. மேலே 'பாடி'யில், அதாவது பக்கத்தில் தெரிவதையெல்லாம் அடக்கிய பெரிய பெட்டியில், விட்ட நிறம், ஒன்றும் தடுக்காவிட்டால் கடைமடைப் பாரா வரை வந்து சேரும். எழுத்துருவும் அப்படியே. ஆனால் சுட்டிகளுக்கு (லிங்க்) உலாவியே ஒரு மதகு போட்டு நீலம் கொடுத்து வைத்திருக்கிறது. மேலேயிருந்து வருகிற நிறம் அங்கே நுழையாது, அந்த மதகுக்குப் போய்த் தனியாகத்தான் மாற்ற வேண்டும். பார்டர் (பெட்டியின் ஓரக்கோடு), மார்ஜின் (கோட்டுக்கு வெளியே விடும் இடம்), பேடிங் (கோட்டுக்கு உள்ளே விடும் இடம்) மூன்றும் கீழே பாயவே பாயாது, எங்கே வைத்தீர்களோ அங்கேயே நிற்கும். எது பாயும், எது பாயாது என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஐந்தாவது வாரப் பாடத்தில் பாதி அதுதான்.

பெட்டி விழுவது வெறும் கணக்கு. நம் பக்கம் ஒரு மா நிலம் என்றால் வரப்பும் அதற்குள் அடக்கம். சிஎஸ்எஸ்ஸில் வரப்பு வெளியே. அகலம் 300 என்று கொடுத்து, உள்ளே இரண்டு பக்கமும் 20 பேடிங், 2 பார்டர் வைத்தால் பெட்டி 344 இடத்தை அடைக்கும். 600 அகலத்தில் அப்படி இரண்டு எப்படி நிற்கும்? 'பாக்ஸ்-சைசிங்' என்பதை 'பார்டர்-பாக்ஸ்' என்று மாற்றுங்கள். வரப்பு உள்ளே வந்துவிடும், கணக்கு நம்மூர்க் கணக்காகிவிடும்.

பூச்சிக்கு வருவோம். தலையில் சாய்கோடு வைத்த ஆங்கில 'ஏ'வும், அதன் பக்கத்தில் வட்டத்துக்குள் 'ஆர்' குறியும் திரும்பத் திரும்ப வருகிறதா? அது உங்கள் தமிழேதான். எல்லா மொழி எழுத்தையும் கணினியில் சேமிக்கிற யூடிஎஃப்-8 முறையில் 'அ' என்ற ஒரே எழுத்தை மூன்று பைட்டாக, அதாவது மூன்று துண்டாக, சேமிக்கிறார்கள். மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான பழைய முறையில் உலாவி அதைப் படித்தால், மூன்று பைட்டையும் மூன்று தனி எழுத்தாகக் காட்டுகிறது. எழுத்து யூடிஎஃப்-8 முறையில் இருக்கிறது என்று உலாவிக்குச் சொல்கிற 'மெட்டா சார்செட்' வரியை, பக்கத்தின் தலைப்பகுதியான 'ஹெட்' தொடங்கியதுமே போடுங்கள். முதல் 1024 பைட்டுக்குள் அது இருக்க வேண்டும். கோப்பைச் சேமிக்கும்போதும் யூடிஎஃப்-8 என்று இருக்கிறதா பாருங்கள். உங்கள் ஆசிரியர் இதை அழுத்திச் சொல்லியிருக்க மாட்டார். ஆங்கிலத்தில் மட்டும் எழுதுபவருக்கு அந்த வரி இல்லாவிட்டாலும் பக்கம் ஒழுங்காகத் தெரியும், அவருக்குப் பூச்சியே கண்ணில் பட்டிருக்காது. அதே மாதிரி, வரிகளுக்கு நடுவே அவர் சொல்வதைவிடக் கொஞ்சம் அதிக இடம் விடுங்கள், நம் எழுத்துக்கு மேலே விசிறியும் உண்டு, கீழே சுழியும் உண்டு. 'கொண்டுவந்திருக்கிறார்களென்று' மாதிரி ஒரு சொல் போன் திரையில் பெட்டியை உடைத்துக்கொண்டு வெளியே நீட்டும், அதையும் சோதித்துப் பாருங்கள். ஒரு காலத்தில் ஒவ்வொரு தமிழ்த் தளத்துக்கும் தனித்தனி எழுத்துருவை இறக்கி வைத்துக்கொண்டு படித்தவன் நான். எனக்கு இந்த ஒரு வரி வைத்தியம் இன்னும் அதிசயமாகத்தான் இருக்கிறது.

ஆங்கிலத்துக்காக ரொம்பக் கவலைப்படாதீர்கள். எச்டிஎம்எல்லில் இருக்கும் சொற்களே நூற்றுச் சொச்சம்தான், தினமும் கைக்கு வருவது 20 இருக்கும். வீடியோவை நிறுத்தி நிறுத்தி, அவர் தட்டியதை நீங்களும் தட்டுங்கள். வெட்டி ஒட்ட வேண்டாம். கூச்சத்துக்கு மருந்து கிடையாது. ஆனால் கேள்வியைப் படமாக எடுத்து அனுப்பாமல், தப்பு வருகிற நாலு வரியை மட்டும் பிரித்து எழுதிக் கேளுங்கள். பிரிக்கும்போதே பாதி நேரம் விடை தெரிந்துவிடும், கேள்வியை அனுப்பவே வேண்டியிருக்காது. நான் அப்படித்தான் தப்பித்தேன்.

சரி, எதைப் பற்றிச் செய்வது? கூடப் படிக்கும் பிள்ளைகள் சாப்பாட்டுக் கடை, சுற்றுலா, பிடித்த நடிகர் என்று செய்வார்கள். நீங்கள் ஓர் அட்டவணை செய்யுங்கள். மூன்று பத்தி. முதல் பத்தியில் வருடம். இரண்டாவதில் மேட்டூர் திறந்த தேதி. ஜூன் 12 வழக்கம் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் 2022-இல் மே 24, 2023-இல் ஜூன் 12, 2024-இல் ஜூலை 28, 2025-இல் மறுபடி ஜூன் 12. மூன்றாவது பத்தியில் உங்கள் வயல் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்த தேதி. மேட்டூர் தேதியும் கல்லணை தேதியும் பேப்பரில் வரும், உங்கள் வாய்க்காலின் தேதி வராது. அதற்கு உங்கள் மாமனார்தான் வேண்டும்.

நோட்டும் பேனாவுமாகப் போய் உட்காருங்கள். தேதியாகச் சொல்ல மாட்டார், "நாத்தங்கால் விட்டு எட்டாம் நாள்", "ஆடிப்பெருக்குக்கு முந்தின நாள்" என்றுதான் சொல்வார். அதை அப்படியே போடுங்கள், தேதியாக மாற்ற வேண்டாம். 2024 வரிசைக்கு வரும்போது அவர் பேச ஆரம்பித்துவிட்டால் அதை அட்டவணைக்குக் கீழே ஒரு பாராவாக்குங்கள். மதிப்பெண் போடுபவருக்காக மேலே ஆங்கிலத்தில் இரண்டு வரி விளக்கம் இருக்கட்டும்.

பக்கத்தை வலையேற்றியதும் முகவரியை எனக்கு அனுப்புங்கள். வாய்க்கால் படம் சேர்ப்பதாக இருந்தால் போனில் எடுத்ததை அப்படியே போடாமல் சுருக்கிப் போடுங்கள், உங்கள் ஊர் சிக்னலுக்குத் தாங்காது. கோப்புப் பெயர் முழுக்கச் சின்ன ஆங்கில எழுத்தில் இருக்கட்டும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று உங்கள் வீட்டு விண்டோஸ் பேதம் பார்க்காது. ஏற்றிய இடத்தில் பெரும்பாலும் பார்ப்பார்கள், படம் வராது.