ராத்திரி குளிராத ஊரில் பெரிய தக்காளி காய்க்குமா?

ஐயா, மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வீட்டுக்கு முன்னால் பாலிபேக்கில் பீஃப்ஸ்டேக் என்ற பெரிய காய்த் தக்காளி வைத்தேன். செடி தோள் உயரம் வந்துவிட்டது. பூவெல்லாம் கொட்டுகிறது. உரம் போதவில்லையா?

உரக்குறை இல்லையம்மா, ராத்திரி வெக்கைதான் காரணம். பூக்காம்பின் நடுவில் முட்டி மாதிரி ஒரு கணு இருக்கும். அது மஞ்சளாகி அந்த இடத்திலேயே பூ கழன்று விழுகிறதா என்று பாருங்கள். மகரந்தம் சேராத பூ அப்படித்தான் விழும். தக்காளி பிஞ்சு பிடிக்க ராத்திரியில் 15 முதல் 21 டிகிரி வேண்டும். நம் ஊரில் விடியற்காலையில்கூட 23-க்குக் கீழே இறங்குவது அபூர்வம். கேமரன் மலையின் தானா ராத்தா ஊர் கிட்டத்தட்ட 1,440 மீட்டர் உயரத்தில், குளிரில் இருப்பதால்தான் அங்கே தக்காளி அப்படிக் காய்க்கிறது.

காலை எட்டு, ஒன்பது மணிக்குப் பூங்கொத்தை விரலால் மெல்லச் சுண்டிவிடுங்கள். கோழிச்சாணத்தைக் குறையுங்கள், அது இலையைத்தான் வளர்க்கும். இதற்கும் ஏதோ ஒன்றிரண்டு பிஞ்சுதான் நிற்கும். வீட்டுச் சமையலுக்கு நம்பி நடுவதென்றால் மலேசிய விவசாய ஆராய்ச்சிக் கழகமான மார்டியின் எம்டி1 போலத் தாழ்நிலத்துக்கென்றே வந்த ரகத்தை வையுங்கள். காய் சிறியதுதான், ஆனால் காய்க்கும்.

பெரிய தக்காளி ரசத்துக்கு ஆகுமா?

எனக்குச் சம்மதமில்லை. குறுக்கே வெட்டிப் பாருங்கள். காட்டுத் தக்காளிக்கு இரண்டே அறை. பீஃப்ஸ்டேக்கில் ஆறு, எட்டு, அதற்கு மேலும் இருக்கும். பூவிலேயே சூலக அறைகள் கூடிவிடுவதால்தான் காய் அப்படிப் பெருக்கிறது. அறைகள் சிறுத்து, சுவர் தடித்து, சதை மிஞ்சும். ரசத்துக்கு வேண்டிய புளிப்போ விதையைச் சுற்றிய கூழில்தான் இருக்கிறது. இதை வட்டமாக அரிந்து, உப்பும் மிளகும் தூவிப் பச்சையாகச் சாப்பிடுங்கள்.

உலகத்திலேயே பெரிய தக்காளி எது?

2022-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் விளைந்த டொமிங்கோ ரகம், 4.896 கிலோ. ஆனால் என் மனதில் நிற்பது ‘மார்ட்கேஜ் லிஃப்டர்’, அதாவது வீட்டுக்கடன் தீர்த்த தக்காளி. மேற்கு வெர்ஜீனியாவில் ரேடியேட்டர் பழுது பார்த்த ஒருவர், நடுவில் ஒரு செடியும் சுற்றிப் பத்துச் செடியும் நட்டு, குழந்தையின் காது கழுவும் ரப்பர் குமிழால் மகரந்தம் எடுத்துச் சேர்த்து உருவாக்கியது. நாற்று ஒன்று ஒரு டாலர் என்று விற்று, 6,000 டாலர் கடனை ஆறே வருடத்தில் அடைத்தார்.

அண்ணே, இலை பச்சையாக இருக்கும்போதே செடி வாடிச் செத்துப்போகிறது.

தண்டை வெட்டி, கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் முனை படும்படி பிடியுங்கள் தம்பி. சில நிமிடத்தில் பால்மரத்துப் பால் போல வெள்ளை நூல் இறங்கினால் பாக்டீரியா வாடல் நோய். மருந்தடித்துக் காப்பாற்ற முடியாது. வேரோடு பிடுங்கிக் குப்பையில் போடுங்கள். அந்த மண்ணில் கத்தரி, மிளகாயும் வேண்டாம். என் கொல்லையில் ஒரே மழைக்காலத்தில் ஒரு வரிசை முழுக்க இப்படித்தான் போயிற்று.

அதற்குப் பிறகு நோய் தாங்கும் கத்தரி நாற்றில் தக்காளியை ஒட்டுக்கட்டித்தான் நடுகிறேன். இரண்டு தண்டும் ஒரே தடிப்பில் இருக்கட்டும். சாய்வாகச் சீவி, பொருத்தி, கிளிப் போட்டு, ஈரம் காயாத நிழலில் ஒரு வாரம் வையுங்கள். நடும்போது ஒட்டு மண்ணுக்கு மேலே தெரியவேண்டும். உள்ளே போனால் தக்காளித் தண்டு தானே வேர் விட்டுவிடும், நோயும் அந்த வழியே ஏறிவிடும்.