மந்திரவாதி ஏன் இரண்டே அடியில் விழுகிறான்?

குடியாத்தத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்கிறார்: “அண்ணா, செமஸ்டர் லீவில் பால்டர்ஸ் கேட் 3 என்ற கணினி விளையாட்டை ஆரம்பித்தேன். பலமான மந்திரவாதியாக வர வேண்டும் என்று ஆசை. விசார்டில் தொடங்கி, நடுவில் வார்லாக் இரண்டு லெவல் எடுத்தேன், கத்தியும் பிடிக்கட்டும் என்று ஃபைட்டர் ஒரு லெவல். இப்போது மொத்தம் லெவல் 5. இன்டெலிஜன்ஸ் 17, ஸ்ட்ரெங்த் 14, கான்ஸ்டிட்யூஷன் 8. கோப்ளின் முகாமில் இரண்டு அடி பட்டால் விழுந்துவிடுகிறேன். போட்ட மந்திரம் ஒரு சுற்று கூட நிற்பதில்லை. ஃபயர்பால் இன்னும் கண்ணிலேயே படவில்லை. அறிவைக் கூட்டும் தலைப்பட்டை ஒன்று கிடைத்தது, அதை மாட்டியும் ஒன்றும் மாறவில்லை. ஆட்டத்தை முதலிலிருந்து ஆரம்பிக்கணுமா?”

வேண்டாம். உங்கள் முகாமில் விதர்ஸ் என்று ஒரு எலும்பும் தோலுமான பெரியவர் நிற்பார். ஆட்டத்தின் தொடக்கத்தில் வரும் பாழடைந்த கோவிலின் நிலவறையில் அவரைப் பார்க்காமல் விட்டிருந்தாலும், கொஞ்ச நாளில் தானாகவே முகாமுக்கு வந்துவிடுவார். 100 தங்கம் கொடுத்தால் வகுப்பு (விசார்டு, ஃபைட்டர் என்ற தொழில்), லெவல், இன்டெலிஜன்ஸ் போன்ற எண்கள் எல்லாவற்றையும் கலைத்துப் புதிதாகப் போட்டுத் தருவார். எத்தனை தடவை வேண்டுமானாலும் செய்யலாம். நான் என் முதல் ஆட்டத்தில் அவருக்குக் கொடுத்த காசில் ஒரு நல்ல கவசமே வாங்கியிருக்கலாம்.

தலைப்பட்டை விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். அது இன்டெலிஜன்ஸைக் கூட்டாது, 17 ஆக்கும். உங்களுக்கு ஏற்கெனவே 17. உங்கள் கூட்டத்தில் வாள் வீசும் லேசெல் தலையில் மாட்டினால் அவளாவது நாலு விஷயம் புரிந்து பேசுவாள்.

இனி உண்மையான நோய். நீங்கள் மூன்று வகுப்பைக் கலந்ததில் மூன்று பலம் கிடைக்கவில்லை, மூன்று நஷ்டம் வந்திருக்கிறது. முதலாவது ஸ்லாட், அதாவது ஒரு நாளில் எத்தனை மந்திரம் போடலாம் என்ற கணக்கு. லெவல் 5 வரை விசார்டாகவே வந்தவருக்கு முதல் நிலையில் 4, இரண்டாம் நிலையில் 3, மூன்றாம் நிலையில் 2, மொத்தம் 9 ஸ்லாட். உங்களுக்கு விசார்டில் 3, வார்லாக்கில் 2, அத்தனையும் முதல் நிலை. ஃபயர்பால் மூன்றாம் நிலை மந்திரம். அது எப்படி வரும்? இரண்டாவது, ஃபீட் என்ற சிறப்புத் திறன். அது ஒரே வகுப்பில் நாலாவது லெவல் தொட்டால்தான் கிடைக்கும், மொத்த லெவலைப் பார்த்து அல்ல. இரண்டு, இரண்டு, ஒன்று என்று பிரித்ததால் உங்களுக்கு அது இன்னும் வரவேயில்லை. மூன்றாவது ஹெச்பி, அதாவது எவ்வளவு அடி தாங்கலாம் என்ற எண். விசார்டாகத் தொடங்கி, உடல் உரத்தைச் சொல்லும் கான்ஸ்டிட்யூஷனை 8-ல் வைத்து, நீங்கள் வந்த வழியில் வந்தால் 21 நிற்கும். கான்ஸ்டிட்யூஷன் 16 வைத்த வெறும் விசார்டுக்கு அதே லெவலில் 37. கோப்ளின்கள் உங்களை இரண்டே அடியில் சாய்ப்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

இணையத்தில் “உலகிலேயே பலமான பில்டு” (ஆளை அமைக்கும் முறை) என்று வருபவை பெரும்பாலும் லெவல் 12-ல் எடுத்த போட்டோ. ஆட்டத்தின் உச்சவரம்பே 12தான். அந்தப் போட்டோவில் மாப்பிள்ளை ஜம்மென்று இருப்பார். ஆனால் லெவல் 3 முதல் 8 வரை, ஆட்டத்தில் நீண்ட நேரம், அவர் நொண்டிக்கொண்டு நடந்ததை யாரும் எழுத மாட்டார்கள். நீங்கள் வாழ்வது லெவல் 5-ல்.

ஆகவே விதர்ஸிடம் போய் ஐந்து லெவலும் விசார்டே எடுங்கள். கையில் படிக்காத மந்திரச் சுருள்கள் இருந்தால் அவற்றைத் தொடாமல் வைத்திருந்து, மாற்றிய பிறகு படியுங்கள். எண்களுக்கு 27 புள்ளி தருவார்கள். அதை நான் இப்படிப் போடுவேன்: இன்டெலிஜன்ஸ் 15, கான்ஸ்டிட்யூஷன் 15, டெக்ஸ்டெரிட்டி 14, விஸ்டம் 10, ஸ்ட்ரெங்த்தும் கரிஸ்மாவும் 8. இதில் 27 சரியாகத் தீர்ந்துவிடும். மேலே வரும் கூடுதல் இரண்டை இன்டெலிஜன்ஸுக்கும், கூடுதல் ஒன்றைக் கான்ஸ்டிட்யூஷனுக்கும் கொடுத்தால் 17, 16. ஸ்ட்ரெங்த் 14 என்பது உங்கள் ஆளுக்குக் கடையில் அரிசி மூட்டை தூக்க உதவும், வேறொன்றுக்கும் உதவாது.

டெக்ஸ்டெரிட்டி 14 எதற்கு? இந்த ஆட்டத்தில் யார் முதலில் ஆடுவது என்பதை நாலு முகப் பகடையோடு டெக்ஸ்டெரிட்டி தரும் கூடுதலைக் (14-க்கு இரண்டு) கூட்டித்தான் முடிவு செய்கிறார்கள். மேசையில் ஆடும் மூல விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் இதற்கு இருபது முகப் பகடை. அங்கே அதிர்ஷ்டம் பெரிசு, இங்கே நாலு முகம்தான் என்பதால் கூடுதல் இரண்டே பெரிய வித்தியாசம். மந்திரவாதி முதலில் ஆடினால் சண்டை ஒரு மாதிரி போகும், கடைசியில் ஆடினால் வேறு மாதிரி.

இனி உங்கள் பெரிய குறை, மந்திரம் நிற்பதில்லை என்பது. 1806 ஜூலை 10 விடியற்காலையில் சிப்பாய்கள் நம் வேலூர்க் கோட்டையைப் பிடித்தார்கள். அன்று காலையே ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து சேர, அன்றைக்கே கோட்டை திரும்பக் கைமாறிவிட்டது. உங்கள் மந்திரங்களுக்கு நடப்பதும் இதுதான். போட்டுவிடுகிறீர்கள், வைத்துக்கொள்ள முடியவில்லை.

ஹோல்ட் பெர்சன், ஹேஸ்ட், ஹிப்னாட்டிக் பேட்டர்ன் போன்றவை கான்சன்ட்ரேஷன் மந்திரங்கள், அதாவது கவனம் சிதறாமல் பிடித்து வைக்க வேண்டியவை. ஒரு நேரத்தில் ஒன்றுதான் நிற்கும். அடி விழும் ஒவ்வொரு முறையும் இருபது முகப் பகடையைக் கான்ஸ்டிட்யூஷனுக்காக உருட்ட வேண்டும். இலக்கு 10, அல்லது வாங்கிய அடியில் பாதி, எது அதிகமோ அது. கான்ஸ்டிட்யூஷன் 8 என்றால் பகடையில் ஒன்று கழியும். 11 அல்லது அதற்கு மேல் விழுந்தால்தான் தப்பும், அதாவது பாதிக்குப் பாதி. ஒரே சுற்றில் மூன்று அம்பு பட்டால் மூன்று தடவை உருட்டணும். எட்டில் ஒரு தடவைதான் தாங்கும். கான்ஸ்டிட்யூஷன் 16 வைத்தால் ஒரு அடிக்குத் தாங்கும் வாய்ப்பு 70 சதவீதம். நாலாவது லெவலில் வரும் ஃபீட்டில் வார் கேஸ்டர் எடுத்தால், இந்தப் பகடையை இரண்டு தடவை உருட்டி நல்லதை வைத்துக்கொள்ளலாம். உடனே 91 சதவீதம். பலர் இந்த இடத்தில் இன்டெலிஜன்ஸை ஏற்றச் சொல்வார்கள். அதனால் எதிரி தப்பும் வாய்ப்பு 5 சதவீதம்தான் குறையும். நான் வார் கேஸ்டரைத்தான் எடுப்பேன், யோசிக்கவே மாட்டேன். இன்டெலிஜன்ஸுக்கு வேறு வழி இருக்கிறது: முதல் பாகத்தில் ஒரு கிழவி சூனியக்காரி வருவாள். அவளைச் சாகும் நிலைக்குக் கொண்டுபோனால் பேரம் பேசுவாள், அவள் தலைமுடி ஒரு எண்ணை ஒன்று கூட்டும். 17 அப்படி 18 ஆகும், எட்டாவது லெவல் ஃபீட்டில் 20. பேரத்தில் அவள் கேட்பது உங்களுக்குச் சம்மதமா என்பது உங்கள் மனசாட்சி.

அடியே படாமல் இருப்பது இன்னும் நல்லது. காலையில் எழுந்ததும் மேஜ் ஆர்மர் போடுங்கள். டெக்ஸ்டெரிட்டி 14-க்கு ஆர்மர் கிளாஸ், அதாவது எதிரியின் அடி பட எட்ட வேண்டிய எண், 15 வரும். மனிதன் அல்லது ஹாஃப் எல்ஃப் இனம் என்றால் கேடயம் பிடிக்கும் பயிற்சி பிறப்பிலேயே உண்டு, அதில் இன்னும் 2. ஷீல்டு என்ற முதல் நிலை மந்திரம் அடி விழும் நொடியில் 5 கூட்டும். மொத்தம் 22. லெவல் 5-ல் கோப்ளினுக்கு அது மதில் சுவர்.

சரி, காப்பு முடிந்தது. எதைப் போடுவது? புதிதாக ஆடுபவர்கள் எல்லாரும் டேமேஜ் எண்ணைத்தான் பார்க்கிறார்கள். ஃபயர்பால் எட்டு ஆறுமுகப் பகடை, சராசரி 28. 40 ஹெச்பி உள்ளவன் மேல் போட்டால் 12-ல் நிற்பான். ஆனால் 12-ல் நிற்பவனும் 40-ல் நிற்பவனும் ஒரே பலத்தோடுதான் வெட்டுவான். ஒரே ஒரு ஹெச்பி இருந்தாலும் கத்தி மொக்கையாகிவிடாது. எனவே கொல்ல முடியாதவனின் முறையைப் பிடுங்குங்கள். ஹிப்னாட்டிக் பேட்டர்னில் நாலு பேர் மாட்டினால் இரண்டு சுற்றுக்கு அவர்கள் பொம்மை. அடித்தால் விழித்துக்கொள்வார்கள் என்பதால் மயங்காமல் மிச்சம் இருப்பவனை முதலில் முடித்துவிட்டு, பிறகு ஒவ்வொருவராகப் போங்கள். ஹோல்ட் பெர்சனில் சிக்கியவன் பக்கத்தில் போய் லேசெல் அடிக்கும் ஒவ்வொரு வெட்டும், பட்டால் கிரிட்டிக்கல், அதாவது பகடை இரட்டிப்பாகும் அடி. நீங்கள் போட்டது பூஜ்யம் டேமேஜ், அவள் அடித்ததில் பாதி உங்கள் கணக்கு. இது மனிதர், கோப்ளின் போன்ற மனித வடிவத்தார் மேல் மட்டும்தான் வேலை செய்யும், கரடிமேல் போட்டு ஸ்லாட்டை வீணாக்காதீர்கள்.

டேமேஜும் வேண்டும் என்கிறீர்கள், புரிகிறது. இங்கேதான் தண்ணீர் வருகிறது. “ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோவில், தண்ணீர் இல்லாத ஆறு” என்று வேலூரைக் கேலி செய்வார்கள். 1981-ல் ஜலகண்டேஸ்வரர் கோட்டைக் கோவிலுக்குள் திரும்பி வந்த பிறகு நடு வரி பொய்யாகிவிட்டது. பாலாறு மட்டும் இன்னும் அந்தப் பழமொழியைக் காப்பாற்றி வருகிறது. பால்டர்ஸ் கேட்டில் அந்தப் பஞ்சம் இல்லை. உங்கள் கூட்டத்தில் வரும் ஷேடோஹார்ட் ஒரு கிளெரிக், அதாவது தெய்வத்தின் அருளால் மந்திரம் போடுபவள். கிரியேட் வாட்டர் என்ற முதல் நிலை மந்திரத்தை அவள் தயார் செய்துகொள்ள முடியும். அவள் எதிரிகளை நனைக்கட்டும், இல்லையென்றால் தண்ணீர்ப் புட்டி ஒன்றை வீசினாலே போதும். நனைந்தவனுக்கு மின்னலும் குளிரும் இரண்டு மடங்கு. லைட்னிங் போல்ட்டும் ஃபயர்பாலும் ஒரே நிலை, ஒரே பகடை, சராசரி 28. நனைந்தவன்மேல் மின்னல் போட்டால் 56. அதே ஆள்மேல் ஃபயர்பால் போட்டால் 14, ஏனென்றால் ஈரம் நெருப்பைப் பாதியாக்கும். எதிரி தப்பாமல் மாட்டும்போது வரும் கணக்கு இது. கொடுப்பது ஒரே ஸ்லாட்தான், வித்தியாசம் நாலு மடங்கு. ஒரு எச்சரிக்கை: தரையில் தேங்கிய தண்ணீரிலும் மின்சாரம் பாயும். லேசெல் அதில் நின்றுகொண்டிருந்தால் அவளுக்கும் உண்டு. மழைக்காலத்தில் மின்கம்பத்தைத் தொடாதே என்று அம்மா சொன்னது அங்கேயும் பொருந்தும்.

விசார்டுக்குள் எவொகேஷன் பிரிவை எடுங்கள். அதன் ஸ்கல்ப்ட் ஸ்பெல்ஸ் திறன் இருந்தால் உங்கள் ஃபயர்பாலும் லைட்னிங் போல்ட்டும் உங்கள் ஆட்களைத் தொடாது. இன்னொரு லாபமும் உண்டு. சுருளைப் படித்துக் கற்க ஒரு நிலைக்கு 50 தங்கம், எவொகேஷன் மந்திரங்களுக்கு மட்டும் உங்களுக்குப் பாதி விலை. லெவல் ஏறும்போது ஆட்டம் இலவசமாகத் தரும் இரண்டு இடங்களில் ஹிப்னாட்டிக் பேட்டர்ன் போன்ற வேறு பிரிவு மந்திரத்தை எடுத்துக்கொண்டு, ஃபயர்பால், லைட்னிங் போல்ட் சுருள்களைக் கடையில் பார்த்ததும் வாங்கித் தலா 75-க்குக் கற்றுவிடுங்கள். இன்டெலிஜன்ஸ் 17 இருக்கும் லெவல் 5 விசார்டு எட்டு மந்திரம் தயாராக வைத்திருக்கலாம். என் எட்டு: மேஜ் ஆர்மர், ஷீல்டு, மேஜிக் மிசைல், மிஸ்டி ஸ்டெப், ஹோல்ட் பெர்சன், ஹிப்னாட்டிக் பேட்டர்ன், லைட்னிங் போல்ட், ஃபயர்பால். சண்டை இல்லாத நேரத்தில் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். ஆர்கேன் ரெக்கவரி என்று ஒரு பொத்தான் இருக்கிறது, பலர் அதைக் கண்டுகொள்வதே இல்லை. சண்டைக்கு வெளியே அழுத்தினால் செலவழித்த ஸ்லாட் கொஞ்சம் திரும்ப வரும்.

பிறவியிலேயே மந்திரம் வரும் சார்சரர் வகுப்பு நல்லதா என்று அடுத்து கேட்பீர்கள். நல்லதுதான். கான்ஸ்டிட்யூஷன் பகடையில் அவனுக்குப் பிறவிப் பயிற்சி உண்டு, ஹேஸ்ட்டை ஒரே வீச்சில் இரண்டு பேருக்குப் போடுவான். ஆனால் குறைந்த மந்திரங்களோடு வாழ வேண்டும், தவறாகத் தேர்ந்தெடுத்தால் அடுத்த லெவல் வரை அதோடு குடித்தனம். முதல் ஆட்டத்துக்கு விசார்டே வசதி. வகுப்பு கலக்கும் ஆசை அடங்கவில்லை என்றால் லெவல் 12 வரும்வரை பொறுங்கள். அப்போது டெம்பெஸ்ட் கிளெரிக் 2, விசார்டு 10 என்று மாற்றிப் பாருங்கள். அந்தக் கிளெரிக்கால் மின்னல் பகடையை உச்ச எண்ணுக்குத் தள்ள முடியும். செயின் லைட்னிங் பத்து எட்டுமுகப் பகடை, உச்சம் 80, நனைந்து தப்பாமல் மாட்டியவனுக்கு 160. இது நான் மேலே கேலி செய்த போட்டோவேதான், ஒத்துக்கொள்கிறேன்.

அப்புறம் ஒன்று. ஃபயர்பால் போடுவதற்கு முன் எஃப்5 அழுத்திச் சேமித்துவிட்டு, சுற்றிலும் நன்றாகப் பாருங்கள். ஸ்கல்ப்ட் ஸ்பெல்ஸ் உங்கள் ஆட்களை ஃபயர்பாலிலிருந்து காப்பாற்றும், ஃபயர்பால் பற்றவைத்த எண்ணெய்ப் பீப்பாயிலிருந்து காப்பாற்றாது. அது எனக்குத் தெரிந்தபோது என் கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தவன் நான் ஒருவன்தான், அதுவும் எரிந்துகொண்டு.