பழைய தீக்காயத் தழும்பில் ஆறாத புண்

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 54. 9 வயதில் விறகடுப்பில் பாவாடை பற்றிக்கொண்டதில் வலது முழங்காலின் பின்பக்கம் வெந்து, பெரிய தழும்பு. அதில் 7 மாதமாக ஒரு புண். பொருக்குத் தட்டுகிறது, மறுபடி வெடிக்கிறது. இப்போது நாற்றமும் அடிக்கிறது. சுகர் இல்லை. டாக்டர் சதை எடுத்து டெஸ்ட் செய்யச் சொல்கிறார். கத்தி பட்டால் பரவிவிடும் என்று சொந்தக்காரர்கள் தடுக்கிறார்கள். என்ன செய்வது?
- வாசகி, குடியாத்தம்

பதில்: டாக்டர் சொன்னதுதான் சரி. இந்த வாரமே எடுத்துவிடுங்கள் அம்மா. பழைய தழும்பில் ஆறாத புண் தோல் புற்றாக இருக்கலாம். சதை எடுப்பதால் அது பரவாது. எடுக்காமல் களிம்பு மாற்றி மாற்றித் தடவும் மாதங்களில்தான் அது உள்ளே இறங்கும்.

தோல் புற்று வெள்ளைக்காரர்களுக்கு வெயிலால் வருவது என்றே பலர் நினைக்கிறார்கள். நம் கறுத்த தோல் வெயிலைத் தாங்கும். தழும்புக்கு அந்தக் காப்பு உதவாது. தழும்பில் ரத்த ஓட்டம் குறைவு. முழங்கால் மடக்கில் இருந்தால் உட்கார்ந்து எழும்போதெல்லாம் இழுபட்டு வெடிக்கும். வெடிப்பதும் ஆறுவதுமாகப் பல வருடம் போனபின் செல்கள் தடம் மாறுகின்றன. அதுதான் புற்று. தீப்பட்டதிலிருந்து சராசரியாக 30 வருடம் கழித்து வரும். ரிப்போர்ட்டில் ‘மார்ஜொலின் புண்’ என்றோ ‘ஸ்குவாமஸ் செல் கார்சினோமா’ என்றோ எழுதியிருக்கலாம். வெயிலால் வரும் இதே வகைப் புற்றைவிட இது நெறிகளுக்கு (நிணநீர் முடிச்சுகளுக்கு) அதிகம் பரவும். அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

எங்கிருந்து சதை எடுக்கிறார்கள் என்பது மிக முக்கியம். புண்ணின் நடுவில் சீழும் செத்த சதையும்தான் இருக்கும். அங்கே எடுத்தால் ‘வெறும் அழற்சி’ என்று ரிப்போர்ட் வந்து ஏமாற்றிவிடும். தடித்து மேடாக இருக்கும் ஓரத்தில், இரண்டு மூன்று இடங்களில் எடுக்க வேண்டும். மரத்துப்போக ஊசி போட்டு, சுமார் 4 மி.மீ. அளவு எடுத்து, தேவைப்பட்டால் ஒரு தையல் போடுவார்கள். அன்றே வீடு திரும்பலாம். புற்று இல்லை என்று வந்தும் புண் ஆறவில்லையா? மறுபடி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். புண்ணில் கிருமி இருந்தாலும் நெறி கட்டும்; அதனால் ஸ்கேன் எடுத்து, ஊசியால் உறிஞ்சிப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

புற்று என்றே வந்தால், புண்ணைச் சுற்றி சுமார் 2 செ.மீ. நல்ல தோலையும் சேர்த்து அகற்றி, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டுவார்கள். எலும்பைத் தொடாமலும் நெறிக்குப் போகாமலும் இருந்தால், பெரும்பாலும் காலைக் காப்பாற்றிவிடலாம். முகத்தில் கறுப்பு மரு போல வந்து மெதுவாக அரிக்கும் ‘பேசல் செல்’ வகை வேறு. அது பரவுவது மிக அரிது.

வேலூர் பக்கத்து அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அறுவை சிகிச்சைப் பிரிவில் காட்டலாம். பழைய சீட்டுகள், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இரண்டையும் எடுத்துப் போங்கள். அம்மா ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். அதுவரை கொதித்து ஆறிய நீரில் கழுவி, சுத்தமான துணியால் கட்டினால் போதும். மஞ்சளும் பச்சிலையும் வைத்தால் ஓரம் மறைந்துவிடும். பார்க்கிற டாக்டருக்குப் புண்ணின் உண்மையான எல்லை தெரியாது.