உப்புத்தாளில் உளி தீட்டலாமா?

கேள்வி: ஐயா, சாணைக்கல் இல்லை. வெறும் உப்புத்தாள் போதுமா?

போதும். ஆனால் மரம் தேய்க்கிற தாள் வேண்டாம், இரும்பில் சீக்கிரம் மழுங்கிவிடும். தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் சிலிக்கன் கார்பைடு தாள், அதாவது வாட்டர் பேப்பர் வாங்குங்கள். 220, 400, 800, 1500, 2000 எண்கள் இருந்தால் வேலை முடியும்; எண் கூடக்கூடத் தாள் நைசாகும், சின்ன எண்ணில் தொடங்குங்கள். அடியில் தடித்த கண்ணாடித் துண்டு ஒன்று வையுங்கள். கண்ணாடியை நனைத்துத் தாளை விரித்தால் ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: 2000 வரை தேய்த்தேன். உளி பளபளவென்று மின்னுகிறது, ஆனால் வெட்டவில்லை!

பளபளப்பு வேறு, கூர் வேறு. சரிவை, அதாவது நுனியை நோக்கிச் சாய்ந்து இறங்கும் பக்கத்தை, மெருகேற்றியிருக்கிறீர்கள், நுனியைத் தொடவே இல்லை. பலரும் சறுக்குவது இங்கேதான்.

முதல் தாளிலேயே நுனி வரை தேய்ந்தாக வேண்டும். தேய்ந்ததற்கு அடையாளம் பிசிறு. சரிவைத் தேய்த்தபின், உளியின் தட்டையான முதுகில் கட்டைவிரலை வைத்து நுனியைத் தாண்டி வெளிப்பக்கமாக மெல்ல இழுங்கள். ரோமம் போல ஏதோ விரலில் தட்டுப்படும். அது ஒரு மூலையில் மட்டும் இருந்தால் பத்தாது. இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை தட்டுப்பட வேண்டும். அதுவரை அடுத்த தாளுக்குப் போகாதீர்கள். சந்தேகமாக இருந்தால் சரிவில் மார்க்கர் மையைப் பூசி நாலு முறை இழுத்துப் பாருங்கள். நுனியோரம் மை அழியாமல் நின்றால் பிடியைச் சற்றே தூக்குங்கள்.

அப்புறம் முதுகு. நுனியை ஒட்டி ஓரிரு செ.மீ. கண்ணாடி போலத் தட்டையானால் போதும், முழு நீளமும் தேவையில்லை. பிசிறை எடுக்கும்போதும் முதுகு தாளில் அப்படியே படிந்திருக்கட்டும். பிடி கொஞ்சம் எழும்பினாலும் நுனி உருண்டுவிடும்.

கையில் முடி மழிகிறதா என்று பார்ப்பதைவிட, மென்மரக் கட்டையின் அறுத்த முனையைச் சீவிப் பாருங்கள். நார் நசுங்காமல் வழவழப்பாக வந்தால் சரி.

கேள்வி: தாள் அடிக்கடி கிழிகிறதே?

தள்ளுகிறீர்கள். உங்கள் பக்கமாக இழுக்க மட்டும் செய்யுங்கள்.

கேள்வி: கோணம் பிடிக்கும் கருவி இல்லாமல் 30 பாகை எப்படி வைப்பது?

உளியின் மொத்த நீளத்தில் பாதி உயரத்துக்குப் பிடியின் முனை எழும்பினால் 30 பாகை. 24 செ.மீ. உளிக்கு 12 செ.மீ. பக்கத்தில் ஒரு கட்டையை நிறுத்தி ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். சரிவு 25 பாகையில் இருந்தால், நுனியில் மட்டும் மெல்லிய கீற்றாக 30 வைப்பது நல்லது. அடுத்த முறை அந்தக் கீற்றைத் தேய்த்தால் போதும்.

கேள்வி: உளி நுனியில் பல் விழுந்துவிட்டது. மோட்டார் சாணையில் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், அடிக்கடி தண்ணீரில் நனைத்துக்கொண்டே. கார்பன் எஃகு நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் பதம் போய்விடும், கூர் நிற்காது. சின்னப் பல் என்றால் 120 தாளே போதும். நேரமாகும், ஆனால் சூடேறும் பயமில்லை.

கேள்வி: இழைப்புளித் தகட்டுக்கும் இதே முறையா?

இதேதான். ஆனால் கடைசியில் ஒவ்வொரு மூலையிலும் விரலை அழுத்திச் சில இழுப்பு இழுங்கள். மூலை லேசாக மழுங்கினால் பலகையில் கோடு விழாது.

கேள்வி: தினமும் தச்சு வேலை செய்கிறேன். தாள் கட்டுப்படியாகுமா?

உங்களுக்குக் கல்தான் சரி. தொடக்கச் செலவு தாளில் குறைவுதான், தினம் தீட்டுபவருக்கு அது ஏறிக்கொண்டே போகும். எப்போதாவது உளி தொடுபவருக்கே தாள் லாபம்.