செட் ஹனி என்றால் பெட்டித் தேனா?

கேள்வி: மார்த்தாண்டத்தில் தேன் வியாபாரம் செய்கிறேன். இங்கிலாந்திலிருந்து ஒருவர், "செட் ஹனி உண்டா, ரன்னி மட்டும்தானா? விலை செட் செய்தாயிற்றா?" என்று ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறார். ஆறு பாட்டில் சேர்ந்த செட் என்று நினைத்து அட்டைப்பெட்டிக்குச் சொல்லிவிட்டேன். சரிதானே, சார்?

பதில்: பெட்டி வேலையை முதலில் நிறுத்துங்கள். அவர் கேட்பது உறைந்த தேன். ரொட்டியில் கத்தியால் தடவும் பதத்தில், வெண்ணெய் போல இருக்கும். ரன்னி என்றால் ஒழுகும் தேன், நம் ஊரில் எல்லோரும் வாங்குவது.

குழப்பம் உங்கள் தப்பில்லை. செட் முண்டு, டீ செட், கோயில் கொடைக்கு மைக் செட் என்று நாம் எடுத்துக்கொண்ட செட்டெல்லாம் 'சேர்ந்து வரும் பொருள்கள்' என்ற பெயர்ச்சொல். அது லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. வினைச்சொல்லான செட் பழைய ஆங்கிலச் சொல். சிட் என்பதன் உடன்பிறப்பு. நமக்கு இரு, இருத்து என்பதுபோல அவர்களுக்கு சிட், செட். எழுத்து ஒன்றாகிப்போனதால் இரண்டும் ஒரே சொல் போலத் தெரிகிறது.

இந்த இரண்டாவது செட்டும் உங்களுக்குத் தெரிந்ததுதான். வீட்டுக்குத் தளம் போட்டபோது, "காங்கிரீட் செட் ஆகட்டும், அப்புறம் பலகையைப் பிரிக்கலாம்" என்று கொத்தனார் சொல்லியிருப்பாரே, அதேதான். இளகி இருந்தது ஓரிடத்தில் அமர்ந்து இறுகிவிடுகிறது. விலையை செட் செய்வதும் அப்படித்தான்: ஆடிக்கொண்டிருக்கும் தொகையை ஒரு இடத்தில் நிறுத்துவது. கன்னியாகுமரியில் நாம் பார்க்கும் சன்செட், சூரியன் போய் அமர்வது. 1989-இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் 2-ஆம் பதிப்பு இந்தச் சொல்லுக்கு 430 பொருள் சொல்கிறது. (பின்னாளில் அதை முந்தியது ரன். ரன்னி பிறந்த அதே ரன்!) மனப்பாடம் செய்ய வேண்டாம். பக்கத்தில் எந்தச் சொல் நிற்கிறது என்று பாருங்கள். தேன், ஜெல்லி, சிமென்ட் என்றால் உறைதல். விலை, தேதி என்றால் முடிவு செய்தல். 'ஆல் செட்' என்றால் எல்லாம் தயார்.

தொழிலுக்கு ஒரு விஷயம். தேனிலுள்ள குளுக்கோஸ் படிகமாகும்போதுதான் தேன் உறைகிறது. சுமார் 14 டிகிரி செல்சியஸில் அது மிக வேகமாக நடக்கும். நம் பக்கத்து ரப்பர் தோட்டத் தேனுக்கு உறையும் குணம் கூடுதல். இங்கே உறைந்த தேனைப் பார்த்தால் சீனி கலந்திருக்கிறீர்கள் என்று சண்டைக்கு வருவார்கள். அங்கே அதையே தேடி வாங்குகிறார்கள். ஆனால் தானாக உறைந்தது சில சமயம் நறநறவென்று இருக்கும். அவர்கள் எதிர்பார்ப்பது நைசான பதம். அதனால் சாம்பிள் அனுப்பாமல் 'உண்டு' என்று எழுதிவிடாதீர்கள்.

பெட்டிக்கு முன்பணம் கொடுத்திருந்தால் வருத்தப்பட வேண்டாம். கிறிஸ்துமஸுக்கு ஆறு பாட்டில் செட் உள்ளூரிலேயே போகும்.