10 ஹெச்.பி. மோட்டாருக்கு ஃபியூஸ் உள்ள மெயின் ஸ்விட்ச் போடுவதா, ஃபியூஸ் இல்லாத ஐசோலேட்டர் போதுமா?

பட்டறையில் புதிதாக ஒரு லேத் இறக்கியிருக்கிறீர்கள், அதன் பக்கத்துச் சுவரில் எதை மாட்டுவது என்று கேட்டிருக்கிறீர்கள். கோவைப் பக்கம் சின்னப் பட்டறைகளுக்கு ஒயரிங் செய்து வருகிறேன். யார் இதைக் கேட்டாலும் முதலில் பேனலைத்தான் திறந்து பார்ப்பேன்.

லேத்துக்கு வரும் கேபிள் கிளம்பும் இடத்தில், அதன் அளவுக்குத் தகுந்த எம்.சி.பி.யோ எம்.சி.சி.பி.யோ (கரண்ட் அதிகமானால் தானாக விழும் பிரேக்கர்கள்) இருக்கிறதா? இருந்தால் ஷார்ட் ஆனதும் அது ட்ரிப் ஆகிவிடும். மெஷின் பக்கத்தில் ஐசோலேட்டர் போதும். லைனைப் பிரித்து வைப்பதுதான் அதன் வேலை, தானாக எதையும் நிறுத்தாது. வாங்கும்போது ஏசி-23 என்று போட்டிருக்கிறதா பாருங்கள். மோட்டார் ஓடும்போதே அணைத்தாலும் அது தாங்கும். ஏசி-20 என்றால் லோடு இல்லாதபோதுதான் தொடவேண்டும். அவசரத்தில் யார் அதை யோசித்துக்கொண்டு நிற்பார்கள்?

பேனலில் 100 ஆம்பியரில் ஒரே ஒரு பிரேக்கர், அதிலிருந்து 4 சதுர மி.மீ. கேபிள் நேராக லேத்துக்கு ஓடுகிறது என்றால் கட்டாயம் ஃபியூஸ் வேண்டும். அந்த பிரேக்கரை நம்பி இந்த கேபிளை விட முடியாது. ஆனால் அந்த ஃபியூஸ் உள்ள மெயின் ஸ்விட்சை லேத் பக்கத்தில் மாட்டினால், நடுவில் கேபிள் நசுங்கி ஷார்ட் ஆகும்போது அது உதவாது. கேபிள் சிறிதாகும் இடத்தில், அதாவது பேனல் பக்கமே மாட்டுங்கள்.

ஹெச்.ஆர்.சி. ஃபியூஸே போடுங்கள், அதாவது பெரிய ஷார்ட் கரண்டையும் பத்திரமாகத் துண்டிக்கும் மூடிய ஃபியூஸ். 4.5 சதவீத இம்பீடன்ஸ் உள்ள 250 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் இருந்தால், அதன் முனையில் ஷார்ட் கரண்ட் சுமார் 7,400 ஆம்பியர் வரும். கம்பி சுற்றிய பீங்கான் கட்டை அதற்கு ஆகாது.

ஃபியூஸ் போட்டுவிட்டால் மோட்டார் பத்திரம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். ஓடும்போது 14 ஆம்பியர் எடுக்கும் மோட்டார், நேரடி ஸ்டார்ட்டரில் கிளம்பும்போது ஆறு மடங்கு வரை இழுக்கும். அதைத் தாங்கும் ஃபியூஸ்தான் போட முடியும் என்பதால் ஓவர்லோடை ஸ்டார்ட்டரில் உள்ள ஓவர்லோடு ரிலேதான் கவனிக்க வேண்டும். ஒரு பட்டறையில் மூன்றில் ஒரு ஃபியூஸ் மட்டும் போய், மோட்டார் இரண்டு ஃபேஸில் உறுமிக்கொண்டே ஓடியது. பெல்ட் இறுகிவிட்டது என்று நினைத்து ஆபரேட்டர் பெல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வார்னிஷ் கருகும் வாடை வந்தபோது வைண்டிங் போயிருந்தது. அதனால் ஃபியூஸ் வைத்தால் ஸ்டார்ட்டரில் சிங்கிள் ஃபேஸ் பிரிவென்டரும் (ஒரு ஃபேஸ் போனால் மோட்டாரை நிறுத்தும் கருவி) சேர்த்து வையுங்கள்.

அப்புறம் ஒன்று. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் மெஷினுக்குள் கை வைப்பதற்கு முன் மூன்று ஃபியூஸையும் உருவி சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். வேலை முடியும்வரை வேறு யாராலும் ஆன் செய்ய முடியாது. ஐசோலேட்டரில் உருவ எதுவும் இல்லை. அதனால் கைப்பிடியில் பூட்டு மாட்ட ஓட்டை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், சாவி உள்ளே கை வைப்பவரிடமே இருக்கட்டும்.