கணினி கேள்வி – பதில்: மெயிலில் வரும் வைரஸ்

கே: மெயில் முகவரிப் பட்டியலின் தொடக்கத்தில் !0000 என்று ஒரு போலிப் பெயரைச் சேர்த்துவைத்தால், வைரஸ் நம் பெயரில் யாருக்கும் மெயில் அனுப்ப முடியாதாமே?

ப: ஒரு பயனும் இல்லை. 1999-ல் வந்த மெலிசா வைரஸ், மைக்ரோசாஃப்டின் மெயில் நிரலான அவுட்லுக்கின் பட்டியலில் இருந்த முதல் 50 முகவரிகளுக்குத் தன்னை அனுப்பிக்கொண்டது. அப்படிப்பட்ட வைரஸ்களை மனத்தில் வைத்துக் கிளம்பிய யோசனை இது. ஒரு முகவரி தவறாக இருந்தால் அந்த ஒரு மெயில்தான் திரும்பி வரும். மற்றவை போய்ச் சேர்ந்துவிடும். 2004-ன் மைடூம் அவுட்லுக்கைச் சார்ந்திருக்கவே இல்லை. கணினியிலுள்ள கோப்புகளைத் துழாவி முகவரிகளைப் பொறுக்கியது. மெயில் அனுப்பும் நிரலையும் தன்னோடு கொண்டுவந்தது. அனுப்புநர் பெயரும் போலி. ஆகவே ‘உங்களிடமிருந்து வைரஸ் வந்தது’ என்று நண்பர் சொன்னாலும், கோளாறு மூன்றாவது ஒருவர் கணினியில் இருக்கலாம்.

கே: ‘பில்’ என்று வந்த இணைப்பில் பிடிஎஃப் ஐகான்தான் இருந்தது. பிறகு எப்படி வைரஸ்?

ப: அது பிடிஎஃப்பாக இருந்திருக்காது என்றே நினைக்கிறோம். நிரல் எழுதுபவர் எந்தப் படத்தையும் ஐகானாக ஒட்டலாம். விண்டோஸ் கோப்புப் பெயரின் வாலை (எக்ஸ்டென்ஷன்) மறைத்துவிடுவதால் ‘பில்.பிடிஎஃப்.எக்ஸ்இ’ என்ற நிரல் ‘பில்.பிடிஎஃப்’ என்றே தெரியும். 2000 மே மாதம் உலகைச் சுற்றிய ஐலவ்யூ, டிஎக்ஸ்டி கோப்பு போல நடித்து, விபிஎஸ் என்ற நிஜ வாலை இப்படித்தான் ஒளித்தது. இந்த மறைப்பை மைக்ரோசாஃப்ட் இன்றுவரை மாற்றாதது நமக்குப் புரியாத பிடிவாதம்!

நீங்களே மாற்றுங்கள். விண்டோஸ் 11-ல் ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து வியூ, ஷோ, ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ். விண்டோஸ் 10-ல் வியூ தாவலிலேயே அதற்கான கட்டம் உண்டு. எக்ஸ்இ, எஸ்சிஆர், விபிஎஸ், ஜேஎஸ், ஐஎஸ்ஓ என்று முடியும் எதுவும் பில்லாக இருக்க வழியில்லை, அழித்துவிடுங்கள். எல்என்கே என்ற ஷார்ட்கட் கோப்பு மட்டும் இந்த மாற்றத்துக்குப் பிறகும் வாலைக் காட்டாது. டைப் என்ற பத்தியில் ‘ஷார்ட்கட்’ என்றிருக்கிறதா பாருங்கள்.

ஜிப் கோப்பும் அதைத் திறக்கும் பாஸ்வேர்டும் ஒரே மெயிலில் வந்தால் சந்தேகப்படுங்கள். பூட்டிய ஜிப்பின் உள்ளே மெயில் நிறுவனத்தின் ஸ்கேனர் பார்க்க முடியாது. பூட்டியதே அதற்காக இருக்கலாம். இணையத்திலிருந்து வரும் வேர்ட், எக்செல் கோப்புகளிலுள்ள மேக்ரோக்களை (உள்ளே பொதிந்த சிறு நிரல்களை) மைக்ரோசாஃப்ட் 2022 முதல் தானாகவே தடுக்கிறது. ‘பிராப்பர்ட்டீஸில் அன்பிளாக் செய்து திறக்கவும்’ என்று மெயிலே வழி சொல்லிக்கொடுத்தால், அது வில்லங்கம்தான்.

கே: சந்தேகமான இணைப்பைத் திறந்தே விட்டேன். இனி?

ப: முதலில் வைஃபையை அணையுங்கள், லேன் கேபிளைக் கழற்றுங்கள். பேக்கப் டிரைவை இப்போது செருகாதீர்கள். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேராக இருந்தால் அதிலுள்ளதும் போய்விடும். பிறகு விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்‌ஷன், ஸ்கேன் ஆப்ஷன்ஸ் போய் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேனைத் தேர்ந்தெடுங்கள். கணினி ரீஸ்டார்ட் ஆகி, சுமார் 15 நிமிடம் எடுக்கும். வழக்கமான விண்டோஸ் ஓடாத நேரத்தில் தேடுவதால், ஒளிந்துகொள்ளும் வைரஸும் சிக்க வாய்ப்பு அதிகம்.

பாஸ்வேர்டுகளை அந்தக் கணினியில் மாற்றாதீர்கள். வேறு கணினியிலோ போனிலோ மாற்றுங்கள், மெயிலுடையதை முதலில். மெயில் செட்டிங்ஸில் ஃபார்வர்டிங், ஃபில்டர் பகுதிகளையும் பாருங்கள்: உங்கள் கடிதங்களின் நகல் அறியாத முகவரிக்குப் போகும்படி திருடர் யாராவது வைத்துவிட்டிருந்தால், பாஸ்வேர்டு மாறினாலும் அது நிற்காது. வங்கிக் கணக்கில் பணம் போயிருந்தால் ஸ்கேன் முடியும்வரை காத்திராமல் இந்தியாவின் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள்.